மூன்றாம் பக்கத்தில் நிற்கும் கதை

கதை எழுத வேண்டும் என்ற ஆசையோடு என்னைப் பார்க்க வருகிறவர்கள் பலர் கையில் ஒரு நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டிருப்பார்கள். இரண்டு பக்கம் கடகடவென்று ஓடியிருக்கும். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் முடியாமல் நிற்கும். அதற்கப்புறம் பால் கணக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடம், யாருடைய போன் நம்பரோ. இப்போது சிலருக்கு அந்த நோட்டு செல்போனுக்குள் இருக்கிறது. கதை நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

"எனக்கு எழுத்து வராது போலிருக்கு சார்" என்பார்கள். வராதவர்களுக்கு முதல் இரண்டு பக்கமே வந்திருக்காது. கதை மூன்றாம் பக்கத்தில் நிற்பதற்கு நான் கண்ட காரணம் வேறு. நாம் பார்த்ததை விட்டுவிட்டு, கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டதை எழுதப் போய்விடுகிறோம். கேள்விப்பட்டது இரண்டு பக்கத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் போக நாம் பார்த்தது வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்ட நூலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கதை வாசிப்புக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர்களில் ஒரு பெண் செவிலியர். இரவுப் பணி முடிந்ததும், சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக வந்துவிடுவார். அவருடைய கதையில், மகளின் படிப்புச் செலவுக்காக அம்மா தன் தோட்டை அடகு வைக்கிறாள். அவர் எழுதியிருந்தது இது:

"அம்மா கனத்த இதயத்தோடு அடகுக் கடைக்குள் நுழைந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. மகளின் எதிர்காலத்துக்காக எதையும் தியாகம் செய்ய அவள் தயாராக இருந்தாள். தோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது அவள் கண்களில் நீர் துளிர்த்தது."

அதோடு நின்றுவிட்டது. மகள் படித்துப் பெரிய வேலைக்குப் போய், தோட்டை மீட்டு வந்து அம்மாவின் காதில் போட்டுவிடுவதாக முடிக்க நினைத்திருந்தார். உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றார். கை ஓடாததை நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த முடிவில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அது கைக்குத் தெரிந்திருக்கிறது.

"இது யாரோட தோடும்மா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவோடது சார்."

"கழட்டினப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான்தான் சார் கழட்டினேன். திருகு இறுகிப்போயிருந்துச்சு. கல்யாணத்துக்குப் போட்டது, கழட்டவே இல்லையாம். தேங்காயெண்ணெய் தொட்டு வச்சு, காதைப் புடிச்சுக்கிட்டு மெதுவாத் திருகினேன். பின்னாடி அழுக்கு பச்சையாப் படிஞ்சிருந்துச்சு. அடகுக் கடைக்காரர் பார்ப்பாரேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. பல்லு வெளக்குற பிரஷ்ஷால தேச்சுக் கழுவினேன்."

"கழட்டினதும் காதுல என்ன போட்டுக்கிட்டாங்க?"

"ஈர்க்குச்சி. வெளக்கமாத்துலேர்ந்து ஒடிச்சு. இல்லாட்டி ஓட்டை தூந்துடும்ல?"

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம். நடுவுல சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் கவரிங் வாங்கிப் போட்டாங்க. சேரல. காது புண்ணாயிடுச்சு."

மாடியில் யாரும் பேசவில்லை. சொன்னவரும் நிறுத்திவிட்டுத் தன் நோட்டைப் பார்த்தார். இதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. இரண்டு பக்கம் எழுதியும், எண்ணெய் இல்லை, பிரஷ் இல்லை, ஈர்க்குச்சி இல்லை. இதெல்லாம் கதைக்குத் தகுதியானது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. 'கனத்த இதயம்' தகுதியானது என்று ஆயிரம் தொடர்கதைகள் சொல்லியிருந்தன.

பதினோரு நாளில் கதையை முடித்துக்கொண்டு வந்தார். அடகுக் கடையே கதையில் இல்லை. திருகு அசையாமல் இருப்பதில் தொடங்கியிருந்தார். அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "மெதுவாடி" என்று ஒருதரம் சொல்கிறாள், அவ்வளவுதான். பிறகு கல்யாண வீடு, கவரிங், புண். கட்டணம் கட்டிச் சேர்ந்த படிப்பு நர்சிங். முதல் வருடம் படிக்கிற மகள் விடுமுறைக்கு வரும்போது, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி பஞ்சை நனைத்து, உள்ளிருந்து வெளியாக, ஒரே திசையில் அம்மாவின் காதைத் துடைக்கிறாள். கதை அங்கே முடிந்துவிட்டது. ஆறு பக்கம். கண்ணீர் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை.

உங்கள் நோட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நின்றுபோன வாக்கியத்துக்குத் திரும்புங்கள். அதில் இருக்கிற ஆள் யார், அவர் கையில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், பொழுது சாய்வதற்குள் அவருக்கு என்ன ஆகவேண்டும் என்று கேட்டு, கிடைக்கிற பதில்களைக் கதையாக இல்லாமல் வெறும் குறிப்பாக எழுதிவையுங்கள். வாழ்க்கையில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். அதற்குக் கிடைக்கிற பதில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும்: நிம்மதி, மரியாதை, அன்பு. பொழுது சாய்வதற்குள் என்று கேட்டால், நூற்றைம்பது ரூபாய் என்று ஒருவர் சொல்வார், அண்ணன் வருவதற்குள் சைக்கிளைத் துடைத்துவைக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் மெட்ராஸுக்கு வருகிறார். இவ்வளவு பெரிய விஷயம் கையில் கிடைத்தால் நாம் இடி மின்னலோடு தொடங்கியிருப்போம். புதுமைப்பித்தனோ பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளையை நிறுத்தி, டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, அந்தக் காசை மிச்சம் பிடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு நடப்பதா என்று சில்லறைக் கணக்கு போடவைக்கிறார். அந்தக் கணக்கை நம்பிவிட்ட வாசகர், அடுத்து எதிரே வந்து நிற்கும் கடவுளையும் நம்பிவிடுகிறார். மாயக் கதையோ பேய்க் கதையோ எழுத விரும்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இன்னொரு பாடம். வறுமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக நல்ல கதைகளில் ஒன்று அது. வறுமை பற்றிய பேச்சோடு அது தொடங்குவதில்லை. என் புத்தகத்தில் படம் இருக்கிறது, உன் புத்தகத்தில் இருக்கிறதா என்று பிள்ளைகள் போட்டி போடுவதில் தொடங்குகிறது. தீபாவளியை ஒட்டிய சிறு பொழுதுக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. புதுத்துணிக்கே தட்டுப்பாடான ஒரு வீட்டுக்கு ராஜா என்ற பெயருள்ள, யாருமற்ற ஒரு சிறுவன் வந்து சேர்கிறான். பிள்ளைகளின் போட்டிப் பேச்சிலேயே கதை போய் முடிகிறது. வறுமை என்ன என்று ஆசிரியர் ஓரிடத்திலும் நின்று விளக்கவில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் இருபது வருடக் கதையை ஆறு பக்கத்தில் அடைக்கப் பார்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பண்டிகை நாள், ஒரு பஸ் பயணம், ஒரு தோடு கழற்றும் நேரம் என்று குறுக்கிப் பாருங்கள். கதை தானாக அகலும்.

அடுத்தது மொழி. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பேசும்போது பேச்சில் உப்பும் புளியும் இருக்கும். எழுத உட்கார்ந்ததும் மேடைத் தமிழ் வந்துவிடும். "நேத்து ராத்திரி கரண்டு போயிடுச்சு" என்று சொன்ன அதே மனிதர், "நேற்றைய இரவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது" என்று எழுதுவார். செய்தித்தாளுக்கு அது சரி. இருட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிற ஒரு பாட்டிக்கு அது ஒத்துவராது.

இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்தார்கள், சிநேகிதர்கள். கி.ரா. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத விவசாயி. தன் ஊர்க்காரர்கள் பேசுகிற சொற்களுக்கு எழுத்தில் இடம் உண்டு என்று பிடிவாதமாக நம்பினார். அந்தச் சொற்களைத் திரட்டி 1982-ல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' கொண்டுவந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு சொல் மூட்டை இருக்கிறது. மதுரையில் ஒன்று, நாகர்கோவிலில் வேறு, வேலூரில் இன்னொன்று. ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, அத்தை திட்டுகிற வார்த்தையை, மீன்காரர் அளவு சொல்கிற வார்த்தையை, மேஸ்திரி சித்தாளைக் கூப்பிடுகிற விதத்தை அவ்வப்போது குறித்துவையுங்கள். பொருள் எழுத வேண்டாம். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வட்டார வழக்கை எழுதுகிறேன் என்று வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போனால், அடுத்த மாவட்டக்காரர் இரண்டாம் பத்தியிலேயே மூச்சு வாங்கிவிடுவார். உரையாடலில் வழக்கைத் தாராளமாக விடுங்கள். கதைசொல்லியின் குரலில் சொற்களை மட்டும் அந்த மண்ணிலிருந்து எடுத்து, விகுதிகளைப் பொது எழுத்துநடையில் வைத்துக்கொள்ளலாம். கதைசொல்லியே ஒரு பாத்திரமாக இருந்தால் முழுவதும் பேச்சுநடையிலேயே போகலாம். எப்படிச் செய்தாலும் ஒரே மாதிரி செய்யுங்கள். முதல் பக்கத்தில் 'போயிட்டான்' என்றவர் மூன்றாம் பக்கத்தில் 'போய்ட்டான்' என்றும் ஆறாம் பக்கத்தில் 'பூட்டான்' என்றும் சொன்னால், அது மூன்று பேர் பேசுவதாகக் கேட்கும்.

தெரியாத உலகத்தை எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், போய்ப் பார்த்துவிட்டு. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு பழகினார். ஒரு நாள் முழுக்க அங்கே நின்றால்தான், உப்பு வெள்ளையில் வெயில் எந்தப் பக்கமிருந்து கண்ணைக் குத்துகிறது என்று தெரியும். எந்தத் தேடுபொறியிலும் அது கிடைக்காது.

நேரம் பற்றி நிறையக் கேள்விகள் வரும், பெண்களிடமிருந்து அதிகமாக. இதற்கு லேசான பதில் சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்குப் போய்விட்டு வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு உட்காருகிறவரிடம் தினமும் ஆயிரம் சொல் எழுதுங்கள் என்று சொல்வது அநியாயம். துவரங்குறிச்சியில் வீட்டை விட்டு வெளியே போக முடியாத கட்டுப்பாட்டில் வளர்ந்த ஒரு பெண், வீட்டார் தூங்கியபின் ஒளித்து ஒளித்து எழுதினார். யாருக்கும் தெரியாமலிருக்க வேறு பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் சல்மா. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-ல் நாவலாக வந்தது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டே எழுதினார். 'ஒரு புளியமரத்தின் கதை'யின் சில அத்தியாயங்கள் முதலில் 'சரஸ்வதி' இதழில் வந்தன, முழு நாவலாகப் புத்தகமானது 1966-ல்தான். தி. ஜானகிராமன் வானொலி நிலையத்தில் வேலை பார்த்தார். மௌனி தன் வாழ்நாளில் எழுதிய கதைகள் இரண்டு டஜன் அளவுதான். அவற்றைத்தான் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். குறைவாக எழுதுவது குற்றமில்லை.

அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த அரைமணி நேரம் ஒரே இடத்தில், ஒரே வேளையில் அமைந்தால் நல்லது. மனம் அந்த வேளைக்குப் பழகிக்கொள்ளும். ஒரு விஷயம் மட்டும் தவறாமல் செய்யுங்கள். அன்றைக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் எடுத்துவைக்காமல் எந்த அம்மாவும் மோர்ச்சட்டியைக் கழுவ மாட்டாள். நாளைக்கு உறைய வேண்டிய பாலுக்கு இன்றைக்கே மிச்சம் வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்றும் இளைஞர்கள் கேட்கிறார்கள். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். ஸ்டுடியோவில் பார்த்தது அவருக்குக் 'கரைந்த நிழல்கள்' நாவலாயிற்று. ஆனால் அந்த முடிவுக்காக அவரும் குடும்பமும் பட்ட பணக்கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. தமிழில் கதை எழுதி வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையே உங்களுக்கு ஆட்களையும் சொற்களையும் தந்துகொண்டிருக்கும்.

கதையை முடித்தவுடன் அனுப்பத் துடிக்கும். பத்து நாளாவது மூடிவையுங்கள். பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள், கதவைச் சாத்திக்கொண்டாவது. நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் பழுதாக இருக்கும். உங்களுக்கே அவசரமாகத் தாண்டத் தோன்றுகிற இடத்தில் பத்தியே வேண்டாததாக இருக்கும். முக்கியமாக இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள்: முதல் பக்கமும் கடைசிப் பத்தியும். முதல் பக்கத்தில் பெரும்பாலும் நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்போம். கடைசிப் பத்தியில் வாசகருக்குப் புரிந்ததா என்று பயந்து மறுபடியும் சொல்லிக்கொண்டிருப்போம்.

என் இருபத்தாறாவது வயதில் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. கடைசி ஒன்பது வரிகளின் மேல் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு குறுக்கே போடப்பட்டிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த ஒன்பது வரியை விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். இதழாசிரியர் போட்ட கோடு சரியான இடத்தில் விழுந்திருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ, அதன் ஐந்தாறு இதழ்களையாவது வாங்கிப் படியுங்கள். வார இதழ் கேட்கிற நீளம் வேறு, காலச்சுவடு மாதிரியான மாத இதழில் கிடைக்கிற இடம் வேறு. யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, ஒற்றுப்பிழைகளைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, முடிவில் உங்கள் முகவரியைப் போட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்தப்படும். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம். புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்டால், எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், எங்கே விற்கிறார்கள், கணக்கு எப்போது காட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வளையலை விற்றுப் புத்தகம் போட்டு, பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிற ஒருவரை நான் அறிவேன். நல்ல கவிஞர் அவர்.

திரும்பி வந்த கதையை அன்றைக்கே திறந்து பார்க்காதீர்கள். அடுத்த கதையின் குறிப்பு நோட்டை எடுங்கள். கையில் அடுத்த கதை இருப்பவருக்குத் திரும்பி வந்த கதை அவ்வளவாக வலிக்காது.

அந்தச் செவிலியரின் தோட்டுக் கதை முதலில் போன இடத்திலிருந்து திரும்பி வந்தது. இரண்டாவது இடத்தில் நான்கு மாதம் கழித்து அச்சானது. இதழை அம்மாவிடம் காட்டினாராம். அம்மாவுக்குப் படிக்க வராது. மகள் வாசிக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, "எண்ணெய் நல்லெண்ணெய்டி, தேங்காயெண்ணெய் இல்ல" என்றாராம். கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, பையிலிருந்து அந்த இதழை எடுத்து, அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்து மேலே திருத்தி எழுதினார். பிறகு அடுத்த கதையின் முதல் மூன்று பக்கத்தை எங்களுக்குப் படித்துக்காட்டத் தொடங்கினார்.